அந்த ராத்திரி முதலில் ஏறியது எந்தக் கடல்? 1964 தனுஷ்கோடிப் புயல்: வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை எழுதுங்கள்

ஓலைக்குடா பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன். ராமநாதபுரம் கரையில் பிறந்தவர்கள், உங்கள் வீட்டில் கேட்டதை வைத்துப் பதில் சொல்லுங்கள்.

என் அப்பத்தாவுக்கு இப்போது 83 வயது. கல்யாணமாகி தனுஷ்கோடிக்குப் போய் மூன்றாவது வருடத்தில் புயல் வந்தது. 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை ராத்திரி. வீடு வடகடலைப் (பாக் நீரிணைப் பக்கம்) பார்த்து இருந்தது. கீற்றுக் கொட்டகைதான், முன்னால் மட்டும் பவளக்கல் வைத்துக் கட்டிய ஒரு சின்னத் திண்ணை. அன்று காலையிலிருந்தே வாடை பலமாக இருந்ததாம். மார்கழியில் வாடை அடிப்பது புதுசில்லையே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் மழை பிடித்தது. ராத்திரி கூரை பிய்ந்துகொண்டு போன பிறகுதான், தண்ணீர் வீட்டுக்குள் நிற்பதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "வடகடல்தான் வந்துச்சு. முழங்கால், இடுப்பு, அப்புறம் நெஞ்சு" என்பார். மேட்டில் இருந்த ஒரு கல் கட்டடத்துக்கு ஐயா (என் தாத்தா) இழுத்துக்கொண்டு போய் ஏற்றியிருக்கிறார்.

கதை எப்போதும் அந்த இடத்தில் நின்றுவிடும். "அப்புறம்?" என்று கேட்டால், "அப்புறம் என்ன, தண்ணி வடிஞ்சுச்சு" என்று எழுந்து போய்விடுவார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வாரம் பாம்பனில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் அடித்துச் சொல்கிறார், வந்தது தென்கடல்தான் (மன்னார் வளைகுடாப் பக்கம்) என்று. இரண்டு பேருமே அந்த ராத்திரியை உயிரோடு கடந்தவர்கள். யாரையும் தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டும் எப்படி உண்மையாகும்?

இன்னொரு காரணமும் உண்டு. தனுஷ்கோடி என்று தேடினால் இடிந்த சர்ச் படமும் ரயில் கதையும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே மனிதர்கள் எப்படி இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், தண்ணீர் எங்கே எடுத்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் தயவுசெய்து இப்போதே கேளுங்கள்.

---

குந்துகால் வள்ளம்:

தம்பி, பாம்பன் பெரியவர் சொன்னது சரி. எங்கள் ஐயாவும் அதையேதான் சொல்லுவார். எங்கள் வீடு குந்துகால் பக்கம், தென்கடல் கரை. ஐயா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

அவர் முதலில் பார்த்தது கடல் ஏறியதை அல்ல, இறங்கியதை. முன்ராத்திரியில் தென்கடல் உள்வாங்கிவிட்டது. கட்டிப் போட்ட வள்ளமெல்லாம் சேற்றில் சாய்ந்து படுத்துவிட்டன. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பாசியும் கல்லும் தெரிந்ததாம். அவருடைய அப்பா, அதாவது எங்கள் பாட்டன், அதைப் பார்த்ததும் வள்ளத்தை விட்டுவிட்டு எல்லோரையும் கிளப்பி ஊருக்குள் கூட்டிப் போய்விட்டார். "போன கடல் சும்மா வராது" என்றாராம். நடுச்சாமத்துக்கு மேல் வந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது, வள்ளத்தில் ஒரு பலகைகூட அந்த இடத்தில் இல்லை.

அதனால் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. தென்கடல்தான்.

---

தங்கச்சிமடம் டீச்சர்:

ரொம்ப நல்ல இழை. எந்தக் கடல் என்ற வழக்குக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. எங்கள் அம்மாச்சி இரண்டையும் சொல்லுவார், ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி. ஆனால் பேரன் கேட்ட இன்னொன்றுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அம்மாச்சி பிறந்து வளர்ந்தது தனுஷ்கோடி. பதினெட்டு வயதில் தங்கச்சிமடத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதனால்தான் தப்பித்தார்.

தண்ணீரில் தொடங்குகிறேன், அம்மாச்சியும் அதில்தான் தொடங்குவார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் துண்டு. ஆனாலும் மணலில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பதால் அப்படி. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால் கொட்டாங்கச்சியால் மெதுவாக அள்ளி, துணி கட்டி வடித்துக் குடத்தை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்பார். இன்றைக்கும் அங்கே குடிசை போட்டு இருப்பவர்கள் இப்படித்தான் ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்கள்.

அடுத்தது போட் மெயில். சென்னை எழும்பூரில் ஏறினால் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட். ரயில் தனுஷ்கோடித் துறைக்கு வரும், இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். இடையில் கடல் முப்பது கிலோமீட்டர் அளவுதான். அங்கே வேறு ரயில் காத்திருக்கும். அம்மாச்சிக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் தேவைப்படவில்லை, கப்பல் சங்குதான் கடிகாரம். கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோவில், சர்ச் எல்லாம் இருந்த ஊர். இலங்கை சோப்பும் தேங்காயெண்ணெயும் எங்கள் வீட்டுக்குக்கூட வருமாம்.

புயல் வந்தது கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால். அம்மாச்சியின் தங்கை குடும்பம் அங்கேதான் இருந்தது. பெருநாளுக்கு அம்மாச்சி போவதாக இருந்தார். முறுக்குச் சுட்டு டின்னில் போட்டு மூடி வைத்திருந்தார். அந்த டின்னை அவர் சாகும்வரை யாரையும் தொடவிடவில்லை. இப்போது என்னிடம் இருக்கிறது.

---

காற்றுக்கணக்கு:

நான் தொண்டிக்காரன். புயல்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறவன். எனக்குத் தெரிந்த அளவில், பேரனின் அப்பத்தாவும் சரி, வள்ளம் அண்ணனின் ஐயாவும் சரி. இரண்டு பேருமே தாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்கள். விளக்கமாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் புயல் டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் சின்னத் தாழ்வாகத் தொடங்கியது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் உருவாகி அந்த அளவு வலுப்பெறுவது அபூர்வம். 22ஆம் தேதி இலங்கையைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தது, வவுனியா வழியாக. பொதுவாக நிலத்தைக் கடக்கும் புயல் தளர்ந்துவிடும். இது பெரிதாகத் தளராமல் பாக் நீரிணைக்குள் இறங்கி, 22 நள்ளிரவைத் தாண்டி தனுஷ்கோடி மேல் வந்துவிட்டது. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அலை 7 மீட்டர் எழுந்தது.

இப்போது திசைக்கு வருவோம். நம் பக்கத்துப் புயல்கள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். புயலின் மையம் உங்களுக்குக் கிழக்கே இருந்தால் உங்கள் மேல் அடிப்பது வடக்குக் காற்று. மையம் உங்களைத் தாண்டி மேற்கே போய்விட்டால், அடிப்பது தெற்குக் காற்று. ஆக, கிழக்கிலிருந்து மேற்காகப் போகிற புயலில் முதலில் வாடை, அப்புறம் தென்காற்று.

வாடை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என்ன நடக்கும்? வடகடல் தண்ணீரைத் தெற்கே தள்ளிக் கரைமேல் ஏற்றும். அதுதான் அப்பத்தா பார்த்தது. அதே வாடை, தென்கடல் கரையில் தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டு போகும். அதுதான் குந்துகாலில் வள்ளங்கள் சேற்றில் படுத்தது. மையம் கடந்ததும் காற்று திரும்பும். விலகிப்போன தென்கடல் மொத்தமும் திரும்பி வரும். "போன கடல் சும்மா வராது" என்று உங்கள் பாட்டன் சொன்னாரே அண்ணே, அந்த ஒரு வரியை நான் பாடப்புத்தகத்தில் போடுவேன்.

இரண்டு கடலும் ஒன்றுபோல இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. காற்று தள்ளும் தண்ணீருக்குக் கீழே இறங்கிப் போக இடமில்லை, மேலேதான் எழ வேண்டும். இதைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். மற்ற நாட்களில் வடகடல் குளம் மாதிரி கிடப்பதால் வந்த பெயர். அன்று ராத்திரி அது அப்படி இல்லை.

பௌர்ணமி கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கடலின் ஏற்றம் ஏற்கெனவே கூடுதலாக இருந்த சமயம் அது.

ஒன்று கேட்க வேண்டும். மையம் ஓர் இடத்தின் மேலேயே கடந்துபோனால், வடக்குக் காற்றுக்கும் தெற்குக் காற்றுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் காற்றே இருக்காது. மழைகூட நின்றுவிடும். உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஓர் அமைதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்களா?

---

ஓலைக்குடா பேரன்:

அண்ணே, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றி. காற்று நின்றதாக அப்பத்தா சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னேனே, கதை தண்ணீர் வடிந்ததோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், கேட்டுப் பார்க்கிறேன்.

---

மானாமதுரை லைன்:

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பாவும் ரயில்வேதான். 64இல் அவர் மானாமதுரையில் இருந்தார். ரயில் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று தம்பி வருத்தப்பட்டிருந்தார். வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்தக் கதையைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் பாம்பன் ஜங்ஷன். மெயின் லைன் போனது தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப்பாதைதான். இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. அன்று போனது 653ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். பாம்பனில் இரவு 11.55க்குப் புறப்பட்டது. பயணிகள் 110, ஊழியர்கள் 5 என்பது பதிவான கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் கணக்கில் இல்லை. தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். அதற்குள் அலை வந்துவிட்டது. ஒருவர்கூடத் தப்பவில்லை.

ஏன் வண்டியை விட்டார்கள் என்று இப்போது கேட்பது சுலபம். அந்த நாளில் புயலைப் பார்க்கும் ராடார் நம் கிழக்குக் கரையில் எங்கேயும் கிடையாது. முதல் ராடார் விசாகப்பட்டினத்தில் 1970இல்தான் வந்தது. தந்திக் கம்பி அறுந்தால் அடுத்த ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டில் 11 எண் உண்டு. 10 என்றால் பெரிய அபாயம் என்று எல்லோருக்கும் தெரியும். 11 என்பது அதைவிடப் பெரிய புயல் அல்ல. எச்சரிக்கை தரும் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துபோய்விட்டது என்று அர்த்தம். அன்று ராத்திரி தனுஷ்கோடி இருந்த நிலைமை அதுதான் என்று அப்பா சொல்வார்.

பாம்பன் பாலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1914 பிப்ரவரி 24இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 145 கண்களில் 126 கண்களின் கர்டர்களை (இரும்பு உத்தரங்களை) கடல் கொண்டுபோனது. நடுவில் கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்று முதலில் போட்டார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற 32 வயது எஞ்சினியரிடம் ஒப்படைத்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் கட்டியவர். அவர் 46 நாளில் முடித்தார்.

அதில் நம் ஊர் ஆட்கள் பங்கு பலருக்குத் தெரியாது. புதுக் கர்டர் வர மாதக்கணக்காகும் என்ற நிலையில், பழைய கர்டர்கள் கடலுக்கடியில் கிடக்கும் இடத்தைக் காட்டியவர்கள் மீனவர்கள். அங்கிருந்து தூக்கிக் கொண்டுவந்துதான் திரும்பப் பொருத்தினார்கள். வீடு, வள்ளம், சொந்தம் எல்லாம் போய் ஒரு மாதம் ஆகாத மனிதர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

---

குந்துகால் வள்ளம்:

ஐயா, கடைசிப் பத்தியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் பாட்டனும் அந்த வேலைக்குப் போனதாக ஐயா சொல்லியிருக்கிறார். எங்கே இரும்பு கிடக்கிறது என்று வலை மாட்டுவதை வைத்தே அவர்களுக்குத் தெரியும். கூலிக்காக மட்டும் போகவில்லை, பாலம் இல்லாவிட்டால் தீவில் அரிசி கிடையாது என்பார். ரோட்டுப் பாலம் 1988இல்தானே வந்தது.

காற்றுக்கணக்கு தம்பிக்கு: வழக்கில் தோற்றதாக நினைக்கவில்லை. பாட்டன் பார்த்ததும் உண்மை, அப்பத்தா பார்த்ததும் உண்மை என்று தெரிந்ததில் நிம்மதியாக இருக்கிறது. வாடைக்கு வடகடல் ஏறும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக்குத் தென்கடல் ஏறும் என்பது தினமும் கடலுக்குப் போகிற எங்களுக்குத் தெரிந்ததுதான். அதை அந்த ராத்திரியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

---

கீழக்கரை மச்சான்:

நான் கீழக்கரை. இப்போது அமெரிக்காவில் பஃபலோ ஊரில் இருக்கிறேன். வேறு நாட்டுக் கதையை இங்கே கொண்டுவருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தேதிதான் என்னை எழுத வைத்தது.

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் பனிப்புயல் தொடங்கிய நாள். தனுஷ்கோடி போன அதே தேதி. அந்த ஊர் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. உறைந்த காற்று மேற்கிலிருந்து ஏரியின் நீளம் முழுக்க அடித்து வரும்போது, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் ஏரித் தண்ணீரிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டிவிடும். நம் ஊரில் கடல் கரையேறிய மாதிரி, அங்கே ஏரி பனியாகிக் கரையேறுகிறது. விமான நிலையத்தில் அளந்த பனி 51.9 அங்குலம், நாலடிக்கும் மேல்.

ஆனால் ஆளைக் கொன்றது பனியின் உயரம் அல்ல, கண் தெரியாமல் போனதுதான். ஜன்னலைத் திறந்தால் வெள்ளைச் சுவர். எதிர்வீடு இல்லை, ரோடு இல்லை, என் கையை நீட்டினால் விரல் இல்லை. காரில் கிளம்பியவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் காப்பாற்றப் போன ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பனியில் புதைந்து நின்றன. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சிலரைக் காருக்குள்ளேயேதான் கண்டெடுத்தார்கள். ராடார், செல்போன், எச்சரிக்கை எல்லாம் இருந்த ஊரில், இருந்த காலத்தில். மானாமதுரை ஐயா எழுதிய டிரைவரை அதனால்தான் நான் குறை சொல்ல மாட்டேன். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், பின்னால் போகவும் முடியாமல் நிற்பது என்றால் என்ன என்று நான் ஜன்னலுக்குள் நின்றே பார்த்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மின்சாரம் போனது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தோம். உம்மாவுக்குப் போன் போட்டேன். உம்மா அழவில்லை, பதறவில்லை. "உம்மம்மா சொல்லும்ல, காத்து நின்னா வெளியே போவாதே. நிக்கிறது போறதுக்கில்ல, திரும்புறதுக்கு" என்றார். கீழக்கரையில் எங்கள் வீட்டில் புயல் என்றாலே சொல்கிற வார்த்தை அது. 64க்குப் பிறகு வந்த வார்த்தை என்று உம்மா சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். உம்மம்மாவின் உறவுக்காரர்கள் சிலர் தனுஷ்கோடியில் கடை வைத்திருந்தார்கள். காற்றுக்கணக்கு அண்ணன் கேட்ட அமைதி இதுதானா என்று சொல்லுங்கள்.

---

காற்றுக்கணக்கு:

அதேதான். தெளிவான கண் (காற்றில்லாத மையம்) உள்ள புயலைப் பார்க்காதவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருந்ததற்கு மகிழ்ச்சி.

2020 டிசம்பரில் வந்த புரெவியைப் பலரும் மறந்திருப்பீர்கள். திருகோணமலைப் பக்கம் கரையேறி, இலங்கையைக் கடந்து, கிட்டத்தட்ட 64 புயல் வந்த வழியிலேயே நம்மை நோக்கி வந்தது. பாம்பனுக்குப் பக்கத்தில் கடலிலேயே நகராமல் நின்று வலுவிழந்தது. அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. புயலின் வானிலைப் படத்தைப் பார்க்கப் பார்க்க, 64இல் இந்தப் படம் ஒன்று மட்டும் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

---

முகுந்தராயர் சத்திரம்:

எல்லோரும் அன்றைய ராத்திரியைப் பேசுகிறீர்கள். அதற்குப் பின்னால் நடந்ததையும் கொஞ்சம் சொல்லுங்கள். சுமார் 1,800 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். மிஞ்சியவர்களுக்கு ஊர் இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ரயில் பாதையைத் திரும்பப் போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, இலங்கையில் சண்டை தொடங்கியதும் அதுவும் நின்றது. ஆனால் மீனவன் மீன் இருக்கும் இடத்தை விட்டு எங்கே போவான்? குடிசை போட்டுத் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். பட்டாவும் மின்சாரக் கம்பியும் இல்லாமலே பல வருடம் இருந்தார்கள்.

2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. அதுவரைக்கும் மணலில் ஓடும் வேன்தான். இப்போது விடுமுறை நாளில் கார் நிறுத்த இடமில்லை. வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சர்ச் சுவர் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். பவளக்கல் உதிர்கிறது. எங்கள் பெரியம்மாவுக்கு அந்தக் கோவிலில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

---

தங்கச்சிமடம் டீச்சர்:

சத்திரம் தம்பி சொன்னதை என் வகுப்புப் பிள்ளைகளிடம் நாளைக்கே சொல்கிறேன்.

---

ஓலைக்குடா பேரன்:

ஞாயிறு ஊருக்குப் போய்வந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பத்தாவிடமே கேட்டேன், "எழுது" என்று சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நான் எந்தக் கடல் என்று கேட்கவில்லை. "அப்பத்தா, அன்னிக்கு நடுவுல காத்து நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

காற்று நின்றிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு உலை கொதிக்கும் நேரம் என்றார். மழை விட்டு, மேகம் விலகி நிலா வெளிச்சம்கூடத் தெரிந்திருக்கிறது. அந்தக் கல் கட்டடத்துக்குள் முப்பது பேருக்கு மேல் நெருக்கி நின்றிருக்கிறார்கள். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது. எல்லோரும் சாமி கும்பிட்டார்கள். புயல் போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள்.

ஐயாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். பதினாலு வயது. வள்ளத்தில் போக ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வள்ளம் எங்கே அடித்துக் கிடக்கிறதோ, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கியிருக்கிறார். ஐயா வேண்டாம் என்றாராம். அப்பத்தாதான், "நிலா அடிக்குதே, போயிட்டு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "வடக்க இருந்து வந்தது வள்ளத்தைக் கொண்டு போச்சு. தெக்க இருந்து வந்தது உங்க சின்னையாவைக் கொண்டு போச்சு. நான் தெக்குக் கடலைப் பத்திப் பேசறதில்ல."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பேசினார். சாயங்காலம் வரைக்கும் பேசினார். சின்னையா நன்றாக நீந்துவாராம், சங்கு எடுக்க முங்குவாராம், அப்பத்தா சமையலில் திருக்கைக் குழம்பு என்றால் உயிராம். அப்பத்தாவைக் கட்டிவந்த புதிதில், ஊற்றுத் தண்ணீர் எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தானாம். டீச்சர் எழுதியது போலத்தான், கொட்டாங்கச்சியில் மெதுவாக.

கீழக்கரை மச்சான், உங்கள் உம்மம்மா சொன்ன வார்த்தையை அப்பத்தாவிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கும் யாரோ போயிருக்காங்க" என்றார்.

போனில் பதிவு செய்திருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக எழுத்தில் போடுகிறேன். காற்றின் சத்தத்தில் சில இடம் சரியாகக் கேட்கவில்லை, அதைத் திரும்பக் கேட்டு எழுத வேண்டும்.

---

கீழக்கரை மச்சான்:

அப்பத்தாவுக்கு என் சலாம் சொல்லுங்கள் மச்சான். உம்மாவிடம் கேட்டேன். உம்மம்மாவின் அண்ணன் மகன். கடைச் சாவியை எடுக்கப் போனவர்.

---

தங்கச்சிமடம் டீச்சர்:

தம்பி, அப்பத்தா வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அம்மாச்சியின் தங்கை வீடும் வடகடல் பக்கம்தான், சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. கணவர் போர்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர். இரண்டு பெண் பிள்ளைகள், இரட்டைக் குழந்தைகள், அதனால் அப்பத்தாவுக்கு நினைவிருக்கும். அடுத்த சனிக்கிழமை ஓலைக்குடாவுக்கு வரலாமா? டின்னையும் எடுத்து வருகிறேன்.

---

ஓலைக்குடா பேரன்:

வாங்க டீச்சர். போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இரட்டைக் குழந்தைகள் என்றதும் அப்பத்தா இரண்டு பேர் பெயரையும் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்கே வரச் சொன்னார்.